லூட் பாட்டு: பாதிப் பக்கம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது, இதை எப்படி வாசிப்பது?

கோத்தகிரி கிடார்:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கத்திய இசை தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மேல் ரோட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா இருக்கிறது. அங்கே தனியாக இருந்த பாட்டியம்மா இப்போது மகளோடு பெங்களூருக்குப் போகிறார். பேப்பரையெல்லாம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "நீ சர்ச்சுல கிடார் வாசிக்கிற பையன்தானே, வேணுங்கறத எடுத்துக்கோ" என்று ஒரு தகரப் பெட்டியைத் தள்ளிவிட்டார். பூச்சி அரித்த பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்கள். மேலே ஜான் டவ்லண்ட் என்ற பெயர், 1597 என்று வருஷம்.

இடது பக்கம் ஓரளவு புரிகிறது. மேலே ஐந்து கோட்டில் பாட்டு, அதற்குக் கீழே ஆறு கோட்டில் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள். ஆறு கோடு என்றால் கிடாரின் ஆறு கம்பிதானே என்று ஏ-யைத் திறந்த கம்பி, பி-யை முதல் கட்டம் என்று வைத்து வாசித்துப் பார்த்தேன். இரண்டு வரி இனிமையாகப் போகும், திடீரென்று பல்லில் மணல் கடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். வலது பக்கம் அதைவிட மோசம். மூன்று துண்டு நோட்டேஷன், மூன்றும் மூன்று திசையில். ஒன்று தலைகீழாகவே இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் தாளை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். ஆனால் எல்லாப் பாட்டிலும் அப்படியே இருக்கிறது.

டிசம்பரில் அப்பா அம்மாவுக்கு 40-வது கல்யாண நாள். தங்கை பாடுவாள், நான் கிடார். இந்தக் கட்டில் இருக்கும் "கம் அகெய்ன்" என்ற பாட்டு அவளுக்குப் பிடித்துவிட்டது. கிடாரில் இதை வாசிக்கலாமா? அந்த மூன்று திசைப் பக்கத்தை என்ன செய்வது?

ஊட்டி டெனர்:

தம்பி, ஜெராக்ஸ் கடைக்காரர் மேல் பழி இல்லை. டவ்லண்ட் என்பவர் ஆங்கிலேயர், லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தில் வித்வான். அவருடைய பாட்டுப் புத்தகமே அப்படித்தான்.

புத்தகத்தை மேசை நடுவில் விரித்து வையுங்கள். முக்கியக் குரலும் லூட்டும் ஒரு பக்கம் உட்காரும். மற்ற மூன்று குரலும் மேசையின் மற்றப் பக்கங்களில் உட்காரும். அவரவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவரவர் வரி நேராகத் தெரியும். நாலு பேருக்கு ஒரே புத்தகம் போதும். நாங்கள் நாலு பேர் கொயர் முடிந்த பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்து பார்த்தோம். தாள் சின்னது, தலைகள் பெரியது. கீழ்க்குரலான பாஸ் பாடுகிறவர் மூச்சு இழுத்தால் நடுக்குரல் ஆல்டோவின் முடி பறக்கும். வர்க்கித் துணுக்குகளெல்லாம் புத்தகத்தின் மேல். ஆனால் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு அவ்வளவு கிட்டத்தில் பாடும்போது யாரும் கத்துவதில்லை. அது கொயரில் எங்களுக்கு வராத வித்தை.

கிடார் விஷயத்துக்கு நம் குன்னூர் டீச்சர் வரட்டும். அவர் இதில் ஊறியவர்.

குன்னூர் வீணை:

டெனர் சார் கோர்த்துவிட்டார், வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், தம்பி பொறுத்துக்கொள்ளணும்.

முதலில் அந்த மணல். அது உங்கள் மூன்றாவது கம்பி வரும் இடத்தில் மட்டும் கடித்திருக்கும், சரியா? எழுத்துகளை நீங்கள் படித்தது சரிதான். ஏ என்றால் திறந்த தந்தி, பி என்றால் முதல் மெட்டு, அதாவது நீங்கள் சொல்லும் கட்டம், மேல் கோடு என்றால் மெல்லிய தந்தி. தப்பு சுருதியில். லூட்டில் அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவில் நாலாம் இடைவெளி (நம் ச-ம தூரம்), நட்டநடுவில் மட்டும் மூன்றாம் இடைவெளி (ச-க தூரம்). கிடாரில் அந்த மூன்றாம் இடைவெளி ஒரு தந்தி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது கம்பியை அரை சுரம் இறக்கி, ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தெல்லாம் பொருந்திவிடும். மூன்றாவது கட்டத்தில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, போட்டால் வழக்கமான லூட் சுருதியே கிடைக்கும். தங்கைக்கு மேலே எட்டவில்லை என்றால் கேப்போவைக் கழற்றிவிடுங்கள், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் இரண்டு விஷயம். அந்த அச்சில் சி என்ற எழுத்து ஆர் மாதிரி தெரியும், ஏமாறாதீர்கள். எழுத்துகளுக்கு மேலே கொடி மாதிரி நிற்பவை தாளக் குறி. ஒரு கொடி வந்தால் அடுத்த கொடி வரும்வரை அதே கால அளவுதான்.

லூட் என்றால் என்ன என்று தங்கை கேட்டால், அரபு நாட்டு ஊத் என்ற வாத்தியத்தின் பேத்தி என்று சொல்லலாம். பேரே அங்கிருந்து வந்ததுதான். பாதிப் பேரிக்காய் மாதிரி வயிறு, பின்னால் ஒடிந்து மடங்கிய தலை. மேல் தந்தி ஒற்றை, மற்றவை பெரும்பாலும் ஜோடி ஜோடி. தந்தி எல்லாம் குடலிலிருந்து திரித்த நரம்பு. மெட்டுகூட நரம்புதான், கழுத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும், நகர்த்தலாம். என் வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்தது, அதை அசைக்க ஆள் வரவேண்டும்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகிக் குன்னூர் வந்து 34 வருஷம். வந்த முதல் ஆடி மாதத்திலேயே தந்தியை முறுக்கும் பிருடைகள் ஈரத்தில் ஊதிக்கொண்டு திருக முடியாமல் போயின, வீணை உறையில் பச்சையாகப் பூஞ்சை. அழுதே விட்டேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கில வாத்தியார். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன கதைதான் எனக்கு இந்த உலகத்தின் வாசல். தாமஸ் மேஸ் என்று ஒரு லூட் வித்வான் 1676-ல் ஒரு புத்தகம் போட்டாராம். அதில் ஈரத்திலிருந்து லூட்டைக் காப்பாற்ற அவர் சொன்ன வழி: பகலில் வாசிக்காத நேரம், தினமும் ஆள் படுக்கிற படுக்கையில், மேல் விரிப்புக்கும் கம்பளிக்கும் நடுவில் வைத்துவிடுங்கள், ஆனால் துணி விரிப்புகளுக்குள் மட்டும் வைக்காதீர்கள், அவை ஈரமாக இருக்கலாம். இங்கிலாந்தின் ஈரமும் குன்னூர் ஈரமும் ஒன்றுதான் போலிருக்கிறது. வீணையைப் படுக்கையில் வைத்தால் வீட்டுக்காரர் எங்கே படுப்பார் என்பதால் நான் முயற்சி செய்யவில்லை.

அந்த வாத்தியார் நன்றாகப் பாடுவார். டவ்லண்டின் "ஃப்ளோ மை டியர்ஸ்" அவருக்கு உயிர். அதன் தொடக்கம் நாலே சுரம் இறங்குவதுதான். நம் கணக்கில் மேல் ச, நி, த, ப. நடபைரவி ராகம் மாதிரி தொடங்கும். பின்னால் வாக்கியம் முடிகிற இடங்களில் நி ஏறி நின்று கீரவாணி ராக வாடை அடிக்கும். அதை வீணையில் வாசிக்கச் சொல்வார். என் கை சும்மா இருக்குமா, நியைப் பிடித்து அசைத்துவிடும். "டீச்சர், அசைக்காதீங்க, அது கண்ணீர், விழட்டும்" என்பார். நேராக விழுகிற சுரத்தை அசைக்காமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. நான் வாசித்தது ஒரு வரிதான். லூட்காரர் அதே நேரம் கீழே இன்னும் இரண்டு மூன்று குரலையும் விரல்களில் நடத்துகிறார். அந்தப் பாட்டு முதலில் வார்த்தையே இல்லாமல் லூட்டுக்கான ஆட்ட இசையாக இருந்தது, சொல் பிறகு வந்து ஏறியது. 1600-ல் வந்த அவருடைய இரண்டாம் புத்தகத்தில் பாட்டாக அச்சானது. மெட்டு முன்னே, சொல் பின்னே.

உங்கள் கையில் இருப்பது முதல் புத்தகம். அது ஏன் சரியாக 1597-ல் வந்தது? அதற்கு முன் இங்கிலாந்தில் யாரும் லூட்டோடு பாடவில்லையா என்ன? பாடினார்கள். ஆனால் 1575-ல் எலிசபெத் ராணி தாலிஸ், பேர்ட் என்ற இரண்டு இசைக்காரர்களுக்கு மட்டும் நோட்டேஷன் அச்சடிக்கும் உரிமையை 21 வருஷத்துக்குக் கொடுத்திருந்தார். கோடு போட்ட வெற்றுத் தாளுக்குக்கூட அவர்களிடம்தான் போகவேண்டும். கணக்குப் போடுங்கள், 1596-ல் அது முடிகிறது. அடுத்த வருஷமே பீட்டர் ஷார்ட் என்ற அச்சுக்காரர் டவ்லண்டின் புத்தகத்தைப் போடுகிறார். 1598-ல் அந்த உரிமை தாமஸ் மார்லி கைக்குப் போனது. அவர் தானே 1600-ல் லூட் பாட்டுப் புத்தகம் போட்டவர், அதனால் ஓட்டம் நிற்கவில்லை. கதவு கொஞ்சம் திறந்தது, மடமடவென்று உள்ளே வந்துவிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் முகப்பிலேயே சொல்லியிருக்கும்: நாலு குரலும் சேர்ந்தும் பாடலாம், தனித்தனியாகவும் லூட்டோடோ, வயல் என்ற வில் வாத்தியத்தோடோ பாடலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாலு பேர் இருந்தால் நாலு பேர், இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேர். லூட்டும் நீங்களும் மட்டும் இருந்தாலும் பாட்டு முழுசாக இருக்கும், ஏனென்றால் மற்ற மூன்று குரலின் சாரமும் லூட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்களுக்கான பாட்டு. கச்சேரி மேடையில் மைக் வைத்துப் பாடினால் இதன் உயிர் பாதி போய்விடும் என்பது என் கட்சி. டெனர் சார் சண்டைக்கு வரலாம்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஏர்". கலப்பை இல்லை, காற்று. தாமஸ் கேம்பியன் என்று ஒருவர், தொழிலால் வைத்தியர். சொல்லும் அவரே, மெட்டும் அவரே, நம் ஊர் வாக்கேயக்காரர் மாதிரி. 1601-ல் ஃபிலிப் ராஸ்டருடன் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார், ஆளுக்கு 21 பாட்டு. இசையில் ஏர் என்பது கவிதையில் இரண்டடி நறுக்குத் தெறித்த பாட்டு மாதிரி, சுருக்கமாகவும் பதமாகவும் இருந்தால்தான் அழகு என்று அதன் முன்னுரை சொல்கிறது. நாலு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சொல்லைத் தின்றுவிடுவதில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. சொல் காதில் விழவேண்டும். அடுத்த வருஷமே அதே மனிதர், ஆங்கிலக் கவிதைக்கு எதுகை வேண்டாம் என்று ஒரு நூல் எழுதினார். அவர் பாட்டுகளெல்லாம் எதுகையோடுதான் ஓடுகின்றன. எழுத்தாளர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

உங்கள் "கம் அகெய்ன்" ஒரே மெட்டில் பல சரணம் போகும் பாட்டு. அதில் ஓர் இடம் வரும்: பார்க்க, கேட்க, தொட, முத்தமிட, சாக. ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு படி மேலே ஏறும், நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி சின்ன இடைவெளி. தங்கை அந்த இடைவெளிகளை நிரப்பாமல் விடட்டும். அந்தக் காலத்து ஆங்கிலக் காதல் கவிதையில் "சாவது" என்பதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு, நம் ஜாவளிகளில் இல்லாத விஷயம் ஒன்றுமில்லை. அப்பா அம்மாவுக்கு நீங்கள் விளக்கவுரை சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

மஞ்சூர் மணி:

படித்தேன், சுவையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி. துரைமார் வீட்டுப் பெட்டியில் கிடந்ததை இவ்வளவு தலையில் தூக்கி வைக்கவேண்டுமா? இதே மலையில் கோத்தர் பழங்குடியினர் வாசிக்கிற கொள் என்ற ஊதுகுழலும் தம்பட்டைப் பறையும் இருக்கிறது. அதுபற்றிக் கேட்டால் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். அதோடு இந்த லூட் பாட்டு 25 வருஷத்தில் தீர்ந்துபோனது என்று எங்கோ படித்தேன். அவர்களே விட்டுவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொள்ளணும்?

குன்னூர் வீணை:

மணி, கோத்தர் இசை பற்றி நீங்கள் ஒரு திரி தொடங்குங்கள். முதல் ஆளாக வந்து உட்காருகிறேன். அதற்கு இந்தப் பையனின் ஜெராக்ஸ் தாள் குறுக்கே நிற்கவில்லை.

துரைமார் விஷயம் சொன்னீர்கள். டவ்லண்ட் துரை இல்லை, வேலை தேடி அலைந்த வித்வான். 1594-ல் ராணியின் அரண்மனையில் ஒரு லூட் இடம் காலியானது. கேட்டார், கிடைக்கவில்லை. பிரான்சில் இருந்தபோது கத்தோலிக்கராக மாறியதுதான் காரணம் என்று அவரே நினைத்தார். ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றினார். அப்புறம் 1598-ல் டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன் அவரை வைத்துக்கொண்டார், நல்ல சம்பளம். அங்கிருந்துதான் இரண்டாம் புத்தகத்தை அனுப்புகிறார். முன்னுரையின் கீழே எல்சினோர் என்று ஊர்ப்பேர், 1600 ஜூன் மாதம். ஹாம்லெட் நாடகம் நடக்கிற அதே ஊர். அந்தப் புத்தகம் பெட்ஃபோர்டு சீமாட்டி லூசிக்குச் சமர்ப்பணம். நம் குன்னூர் பெட்ஃபோர்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம் வரும்.

இங்கிலாந்தில் இருந்த மனைவியிடம்தான் பதிப்பாளர் 20 பவுண்டு கொடுத்துக் கையெழுத்துப் பிரதியை வாங்கினார். ஆயிரம் பிரதி அடித்தார்கள். கடைசியில் பதிப்பாளருக்கும் அச்சுக்காரருக்கும் கோர்ட்டில் வழக்கு. பாட்டெழுதியவர் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறார். ஒருவழியாக 1612-ல்தான் லண்டன் அரண்மனையில் வேலை கிடைத்தது. அதற்குள் வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, அவருடைய பாணியும் பழசாகத் தொடங்கியிருந்தது. "எப்போதும் டவ்லண்ட், எப்போதும் துயரம்" என்று லத்தீனில் தன் பேரை வைத்தே ஓர் இசைத்துண்டுக்குத் தலைப்பு வைத்த மனிதர். இதில் துரைத்தனம் எங்கே?

ஏன் தீர்ந்தது? 1597-லிருந்து 1622 வரை முப்பது புத்தகம் அளவுக்கு வந்தன, கடைசியாக வந்தது ஜான் ஆட்டி என்பவருடையது. அதற்குள் அரண்மனைகளில் மாஸ்க் என்ற ஆட்டமும் நாடகமும் கலந்த கூத்து பெரிதாகிவிட்டது. பெரிய மண்டபம், பேசுகிற மாதிரி பாட்டு. ஃபெராபாஸ்கோ, லனியர் போன்ற இசைக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அதற்கு ஒவ்வொரு விரலுக்கும் எழுத்துப் போட்ட லூட் வேண்டாம். கீழ்க்குரல் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தால், தியோர்போ என்ற நீண்ட கழுத்து லூட்டை வாசிப்பவர் மேலே வேண்டியதைத் தானே நிரப்பிக்கொள்வார். 1650-களில் பிளேஃபோர்டு என்ற பதிப்பாளர் போட்ட பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தால் பாட்டு ஒரு வரி, பாஸ் ஒரு வரி, அவ்வளவுதான். அச்சுக்காரருக்கும் அது எளிது.

ஆனால் போகிற போக்கில் இவர்களும் வெறும் மெட்டுச் சரணத்தோடு நிற்கவில்லை. டவ்லண்டின் மகன் ராபர்ட் 1610-ல் தொகுத்த புத்தகத்தில் அப்பாவின் "இன் டார்க்னஸ் லெட் மி டுவெல்" இருக்கிறது. சரணம் திரும்பி வராது, சொல் போகிற வழியெல்லாம் இசையும் போகும். கடைசியில் தொடக்க வரியே மறுபடி வந்து, முடிந்ததா இல்லையா என்று சந்தேகப்படும்படி நின்றுவிடும். எங்கள் வாத்தியார் அதைப் பாடி முடித்தால் யாரும் கொஞ்ச நேரம் டம்ளரை எடுக்க மாட்டோம். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது.

பிடித்துக்கொள்ளச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை, மணி. பெட்டி வந்தது, பையன் திறந்தான்.

ஊட்டி டெனர்:

மைக் விஷயத்தில் டீச்சரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு சேர்க்கை மட்டும். டானிக் சோல்ஃபாவில், அதாவது சுரங்களைக் கோடில்லாமல் எழுத்தாக எழுதும் முறையில், பாடிப் பழகிய கொயர்க்காரர்களுக்கு அந்த மூன்று திசை நோட்டேஷன் கண்ணைக் கட்டும். முதலில் தனித்தாளில் அவரவர் வரியை ட, ர, ம என்று எழுதிக் கொடுங்கள், பிறகு மேசைக்கு வாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

கோத்தகிரி கிடார்:

டீச்சரம்மா, டெனர் அண்ணா, மணி அண்ணா, மூவருக்கும் நன்றி. நேற்று கல்யாண நாள் முடிந்தது, அதனால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மூன்றாவது கம்பியை அரை சுரம் இறக்கினேன், மணல் போய்விட்டது. அந்த ஒரு சின்ன முறுக்குக்காக ஒரு மாதம் மண்டையை உடைத்திருக்கிறேன். கேப்போ ஒரு கட்டம் மட்டும் போட்டோம், தங்கைக்கு அதுதான் வசதி. காலையிலிருந்து மழையும் மூடுபனியும். பந்தலில் வைப்பதாக இருந்தது, எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். மைக்செட்காரர் ஈரத்தில் பெட்டியை இறக்கவே மாட்டேன் என்றார். சரி என்று சாப்பாட்டு மேசையைக் காலி செய்து தாளை நடுவில் வைத்தோம். நானும் தங்கையும் ஒரு பக்கம். சித்தப்பா மகன் கொயரில் பாஸ் பாடுகிறவன், அவன் குறுகிய பக்கம். மாமா ஒருவர் எதிரில் உட்கார்ந்து, தலைகீழாக இருந்தது தன் பக்கம் நேராகத் தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்து, பாடத் தெரியாமலேயே வரியை விரலால் தொடர்ந்துகொண்டிருந்தார்.

அந்த ஐந்து சொல் இடத்தில் தங்கை இடைவெளியை நிரப்பவில்லை. இரண்டாவது இடைவெளியில் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அம்மா எழுந்து போகவில்லை.

டீச்சரம்மா, "ஃப்ளோ மை டியர்ஸ்" கட்டில் இல்லை. உங்கள் வாத்தியார் வைத்திருந்த தாள் எங்காவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் குன்னூர் வருகிறேன். மணி அண்ணா, உங்கள் திரி எங்கே?